சிதம்பரநாதன் பறக்காத நாள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் பல வருஷம் ஊறி, ஒருநாள் தானாக வெளியே வந்தது என்று நான் ஏதாவது கூட்டத்தில் சொன்னால் நம்பாதீர்கள். இது தியாகராய நகரில் எங்கள் குடும்ப ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், வேட்டிப் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவிலுள்ள ஏசி அறையில், எனக்கு இடப்பட்ட உத்தரவு. இட்டவர் முத்துகிருஷ்ணன் அண்ணன், என் பெரியப்பா மகன், கடையின் இன்றைய முதலாளி. இந்த தீபாவளியோடு கடைக்கு எழுபத்தைந்து வயது. பவளவிழா மலர் வரப்போகிறது. அதில் தாத்தாவின் போர்க்கால வீரம் பதினாறு பக்கம், வழவழத் தாளில்.

"வீட்ல ஒரு எழுத்தாளனை வச்சுக்கிட்டு வெளிய ஆள் தேடுனா நல்லாவாடே இருக்கும்?" என்றார் அண்ணன். ஐம்பத்திரண்டு வயதில் குடும்பத்தார் வாயால் எழுத்தாளன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய் ஒத்துக்கொண்டேன்.

எங்கள் தாத்தா சிதம்பரநாதன் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானமொன்றில் வயர்லெஸ் ஆபரேட்டர். 1945 பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி விடிகாலையில் அந்த விமானம் பர்மா பக்கம் போனது, திரும்பி வரவில்லை. ஏழு பேர் உட்காரும் விமானம். ஆறு பேர் போய்விட்டார்கள், தாத்தா மட்டும் பிழைத்தார். எப்படிப் பிழைத்தார் என்பதற்குக் குடும்பத்தில் மூன்று கதைகள் உண்டு. அத்தைகள் கட்சியில் அவர் பாராசூட்டில் குதித்தார். சித்தப்பா கட்சியில் கடலில் நீந்தினார். அண்ணன் கட்சியில் திருச்செந்தூர் முருகன் நேரில் வந்து பிடித்துக்கொண்டார். கடையின் மாடிப்படிச் சுவரில் இருக்கும் பெரிய ஓவியத்தில் மயிலும் விமானமும் இறக்கையோடு இறக்கை உரசிப் பறக்கின்றன. கடையின் பெயரே விமானம் மார்க் ஜவுளி மாளிகை. மொட்டை மாடியில் தகர விமானம் ஒன்று நிற்கிறது, அதன் வாலில் காக்கை கூடு கட்டியிருக்கிறது.

தாத்தாவைக் கேட்டால், "எல்லாம் முருகன் செயல்" என்பார். அதற்கு மேல் கேட்டால் அடுத்த சேலையைப் பிரித்துக் காட்டச் சொல்வார். எண்பத்தொன்பதில் அவர் இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. அவரிடம் எதையும் கேட்கத் தெரியாத வயது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

(அ) "எஞ்சின்கள் உறுமின." நான் விமானத்தில் போனது மொத்தம் மூன்று தடவை, மூன்று தடவையும் தூங்கிவிட்டேன். உறுமியதா முனகியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? [அடிக்கப்பட்டது.]

(ஆ) "மாசி மாதத்து விடியல். ஓடுபாதையின் மீது மெல்லிய பனி, ஒரு..." [ஒரு என்னவென்று தெரியவில்லை. அரை நாள் யோசித்தேன். பனி பனியாகத்தான் இருந்திருக்கும்.]

(இ) "வானமே, நீ அன்று எங்கள் வள்ளலைத் திருப்பிக் கொடுத்தாய், நாங்கள் இன்று வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்." இது என்னுடையதல்ல. அண்ணன் ஒரு பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தது. இதை மட்டும் அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. மலரின் முதல் பக்கத்தில் இதுதான் வருகிறது.

3

தாத்தாவிடம் ஒரு படம் இருந்தது. விமானத்தின் முன்னால் ஏழு பேர். ஆறு வெள்ளைக்காரர்கள், ஓரத்தில் தாத்தா. படத்தின் விளிம்பில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, எண்ணெய்த் துணியோடு ஒரு மெக்கானிக். அவர் காதர் பாய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போருக்குப் பிறகு தாத்தா அவரைக் கடையிலேயே சேர்த்துக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவர் வீட்டுக்குப் பட்டும் பட்டுச்சட்டையும் போகும்.

படத்தின் பின்னாலிருந்த ஆறு பெயர்களை இணையத்தில் போட்டுத் தேடினேன். ஆறு குடும்பங்களும் ஒரு மாதத்தில் கிடைத்துவிட்டன. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். தொலைந்தவர்களைத் தேடி அலையும் கதை எழுதலாம் என்று இருந்தேன், எல்லோரும் மறுநாளே பதில் போட்டுவிட்டார்கள். வாட்ஸாப்பில் குழு ஆரம்பித்தோம். ஆறு குடும்பத்திலும் அந்த விமானத்தின் உயிர்நாடி தங்கள் தாத்தாதான். வால் பக்கத்துத் துப்பாக்கிக்காரரின் பேரன் கனடாவில் இருக்கிறான். அவன் தாத்தா இல்லாவிட்டால் பர்மாவே மீண்டிருக்காதாம். குண்டு போடுகிறவரின் பேத்தி, தன் தாத்தா ஓர் எறும்பையும் மிதிக்காதவர் என்று எழுதியிருந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை, மயில் ஓவியத்தை அனுப்பினேன். எல்லோரும் கை கூப்பும் பொம்மை போட்டார்கள்.

விமானியின் பேத்தி மார்கரெட் மட்டும் போடவில்லை. இங்கிலாந்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். லண்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் எடுத்து அனுப்பினாள். அதில் தெளிவாக இருந்தது: அன்று வயர்லெஸ் ஆபரேட்டருக்கு உடம்பு சரியில்லை, விமானம் ஆறு பேரோடு புறப்பட்டது. நினைவுச் சுவரிலும் ஆறு பெயர்தான்.

ஆக, பாராசூட் இல்லை, நீச்சல் இல்லை, முருகனும் அன்று வேறு வேலையாக இருந்திருக்கிறார். தாத்தா படுக்கையில் இருந்தார்.

மார்கரெட் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். என் தாத்தா ரொம்ப ஜாக்கிரதையானவர், வயர்லெஸ் பார்க்க ஆளில்லாமல் கடலைத் தாண்டியிருக்க மாட்டார், அந்த ஏழாவது இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தார்?

4

(இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நல்ல சிறுகதை கிடைத்திருக்கும். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடித்திருக்கும். எனக்கு நல்ல இடத்தில் நிறுத்தத் தெரியாது. என் நான்கு புத்தகங்களையும் படித்த நாற்பது பேரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.)

தாத்தாவின் லாக் புத்தகம் பீரோவில் கிடைத்தது. எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் பறந்தார், எந்தத் தேதியில் உடம்பு சரியில்லாமல் படுத்தார் என்று அவர் கையால் எழுதியது. பக்கத்துக் கட்டத்தில், புறப்படும் முன் வயர்லெஸ் கருவியைச் சோதித்த தரைப் பணியாளரின் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து: பி. பஞ்சாபகேசன்.

தாத்தா உடம்பு சரியில்லை என்று படுத்த நாட்களைத் தனியாக எடுத்து எழுதிப் பார்த்தேன். இருபத்தேழு நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் அல்லது மூன்று நாள். வெள்ளைக்கார டாக்டர் திரும்பத் திரும்ப வரும் மலேரியா என்று எழுதி, பிறகு ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார் என்று மார்கரெட் அனுப்பிய நகலில் இருந்தது. பாவம் அந்த டாக்டர். அவர் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் இல்லை.

உங்கள் வீட்டில் இருக்கும். தாளின் அடியில் சின்ன எழுத்தில், இன்று யாருக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருப்பார்கள். சந்திரன் நம்முடைய ராசிக்கு எட்டாவது ராசியில் நிற்கும் இரண்டேகால் நாள். மாதம் தவறாமல் வரும். அன்று பயணம் கூடாது, புதுக் காரியம் கூடாது, முடிந்தால் வாயையே திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இன்றும் சந்திராஷ்டமத்தில் யாரும் வண்டி எடுப்பதில்லை. அண்ணன் அன்று வருமான வரிக்காரர்களைக்கூட மறுநாள் வரச் சொல்லிப் பார்த்தார்.

தாத்தா ஹஸ்தம் நட்சத்திரம், கன்னி ராசி. கைபேசியில் பஞ்சாங்கச் செயலியை இறக்கி, 1945 பிப்ரவரி 19 என்று போட்டேன். சந்திரன் மேஷத்தில். கன்னிக்கு எட்டு.

உலகமே ஒன்றையொன்று குண்டு போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தாத்தா நாள் பார்த்துப் போர் புரிந்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்ததைப் பதிவு செய்துவைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

5

காதர் பாயின் மகன் ஹபீபுர் ரஹ்மான் நந்தனத்தில் இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். எழுபது தாண்டியவர். நான் போனபோது ஒரு ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலேயே பேசினார்.

(இவரை நான் நம்பவில்லை. அதாவது, கதாபாத்திரமாக. சரியான நேரத்தில் சரியான இடத்தில் எல்லா உண்மையும் தெரிந்த ஒருவர் ஸ்கூட்டர் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டமான உத்தி. இவரை எடுத்துவிட்டு ஒரு பழைய கடிதம் வைக்கலாமா என்று பார்த்தேன். கடிதம் இன்னும் மட்டம். அதனால் இருக்கட்டும்.)

பஞ்சாபகேசன் மயிலாப்பூர்க்காரர், தரைப் பணியாளர், பறக்கும் பணியில் இல்லாதவர். வயர்லெஸ் பெட்டிகளை நாள் முழுக்கப் பழுது பார்ப்பவர், ஒரே ஒரு தடவையாவது மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று விடிகாலை தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நீ போயிட்டு வாயேன் என்று தாத்தாதான் அவரிடம் சொன்னாராம். விமானி தலையாட்டினாராம். பட்டியலில் பெயர் மாற்ற நேரமில்லை. ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது காதர் பாய்.

"ஐயரு சிரிச்சிக்கினே ஏறினாராம் சார். எங்க அத்தா சாவுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு, சிரிச்சிக்கினே ஏறினாருன்னு."

விமானம் திரும்பவில்லை. அடுத்த நாள் விசாரித்தபோது, எனக்குப் பதில் யாரும் போகவில்லை என்று தாத்தா சொல்லிவிட்டார். ஆளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அனுப்பியது தெரிந்தால் தண்டனை என்ற பயம். வேறொரு அலுவலகத்தில், வேறொரு குமாஸ்தா, வேறொரு பதிவேட்டில் எழுதினார்: தரைப் பணியாளர் பஞ்சாபகேசன், சொல்லாமல் ஓடிவிட்டார். இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்திருக்கக்கூடிய இரண்டு பேரில் ஒருவர் கடை வைத்தார், இன்னொருவருக்கு அங்கே வேலை கொடுத்தார்.

கிளம்பும்போதுதான் ஹபீபுர் ரஹ்மான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஐம்பத்திரண்டிலோ மூன்றிலோ அந்த ஐயர் சம்சாரம் கடைக்கே வந்திருக்கிறார், சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. நீங்கள் ஒன்றாக இருந்தவர் ஆயிற்றே, ஏதாவது தெரியுமா என்று கேட்டாராம். தாத்தா தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு, அரக்குச் சேலை ஒன்றை எடுத்து, குங்குமம் வைத்துக் கொடுத்து அனுப்பினாராம்.

"அன்னிக்கி அத்தா வூட்டுக்கு வந்து சோறு துன்னலியாம்" என்றார் ஹபீபுர் ரஹ்மான். "நீயாவது அந்தப் பையன் கைல சொல்லிடு சார். பையனுக்கே இப்ப எம்பது கீது."

எனக்குத் தாத்தாமேல் வெறுப்பு வந்தது. அதை நயமாகச் சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை. வெறுப்பு வந்தது.

6

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசி அறையில் அவர் மகள் ஷண்முகப்ரியாவும் இருந்தாள். கடையின் விளம்பரம் முழுக்க அவள் பொறுப்பு. குடும்பமே இடிந்துபோகும் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். கதையில் அப்படித்தான் எழுதவும் செய்தேன்: "முத்துகிருஷ்ணனின் முகம் வெளிறியது. அவர் கை மேஜையைப் பற்றி..." [அடிக்கப்பட்டது. பொய்.]

அண்ணன் முகம் மலர்ந்தது.

"நாள் பார்த்துப் பிழைச்சிருக்காருன்னா எவ்வளவு பெரிய விஷயம்டே! முருகன்னு சொன்னா பாதிப் பேரு நம்ப மாட்டான். சந்திராஷ்டமம்னா அத்தனை பேரும் நம்புவான். இதையே போடு."

ஷண்முகப்ரியா அதற்குள் கைபேசியில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ராசிவாரியாகச் சந்திராஷ்டமத் தள்ளுபடி. அன்றைக்கு வெளியே போக வேண்டாம், செயலியில் வாங்குங்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிடும். மாதம் இரண்டே கால் நாள் வீதம் பன்னிரண்டு ராசிக்கும் பார்த்தால் மாதம் முழுக்கத் தள்ளுபடி என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். சித்தப்பா, நீங்க ஜீனியஸ் என்றாள்.

தாத்தாவுக்குப் பதில் போனவர் பற்றிக் கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் உட்கார நாற்காலி போட்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர். யோசித்துவிட்டு, அந்த ஐயரும் அன்றைக்குத் தன் ராசிக்குப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாமே என்றார். பிறகு, அதை மலரில் போட வேண்டாம், தீபாவளி நேரத்தில் அபசகுனம் என்றார்.

7

கிச்சா மாமாவின் வீடு கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககத்தில், முதல் மாடி. பஞ்சாபகேசனின் ஒரே மகன், ஹபீபுர் ரஹ்மான் சொன்ன அந்தப் பையன். அப்பா காணாமல் போன பின் இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். (மார்கரெட்டும் கணக்கு வாத்தியார். ஒரு கதையில் இரண்டு கணக்கு வாத்தியார் அதிகம் என்று தெரியும். ஒருவரை இசை ஆசிரியர் ஆக்கிப் பார்த்தேன், அவர் உடனே பாட ஆரம்பித்துவிட்டார்.)

அமாவாசை தோறும் அந்த அடுக்ககத்தில் எல்லா வீட்டு ஆண்களும் இறந்த தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் செய்வார்கள். இவர் மட்டும் செய்ததில்லை. அப்பா இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை, ஓடிப்போனார் என்றுதான் சர்க்கார் சொன்னது. அப்பா உயிரோடு இருக்கும் மகன் தர்ப்பணம் செய்யக் கூடாது. பன்னிரண்டு வருஷம் காணாவிட்டால் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று சாஸ்திரிகள் சொல்லிப் பார்த்திருக்கிறார், அம்மா விடவில்லை. அம்மா தொண்ணூற்றெட்டில் நெற்றியில் குங்குமத்தோடு போனார். ஆகவே மயிலாப்பூரில், எண்பது வயதில், நூற்று நாலு வயதுத் தகப்பனார் உயிரோடு இருக்கும் ஒரே மனிதர் கிச்சா மாமா. இதை அவரேதான் சிரித்துக்கொண்டு சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஓடுகாலி பிள்ளை என்று கூப்பிடுவார்கள், அதனால் ஓட்டப் பந்தயத்தில் மட்டும் சேர மாட்டேன் என்றும் சொன்னார்.

நான் சொன்னது பாதி உண்மை. உங்கள் அப்பா ஓடவில்லை, அந்த விமானத்தில் போனார், பிப்ரவரி பத்தொன்பது, என்றேன். தாத்தாவுக்கு உடம்பு முடியாததால் தாமாகவே முன்வந்து போனார் என்றேன். "நண்பனுக்காக" என்ற வார்த்தையைக்கூடச் சொன்னேன். எழுத்தாளன் புத்தி, சமயத்தில் வந்து விழுந்துவிடுகிறது.

கிச்சா மாமா கண்ணை மூடி, விரலை மடக்கி, "மாசி, வளர்பிறை, சப்தமி" என்றார். பஞ்சாங்கம் பார்க்கவில்லை, மனக்கணக்கு. எண்பது வருஷமாக இல்லாத திதி ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. அவருக்குக் கண்ணீர் வந்தது, எனக்கும் வந்தது. என்னுடையது கொஞ்சம் திருட்டுக் கண்ணீர்.

ஜானு மாமி உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றார். கிச்சா மாமாவின் மனைவி. அவர் கேட்டது எனக்குத் தோன்றியே இருக்காத ஒன்று.

"அம்மாவ சுமங்கலியாத்தானே அனுப்பிச்சோம்? வருஷா வருஷம் ஆத்துல சுமங்கலிப் பிரார்த்தனைல அவா பேரச் சொல்லித்தானே பொடவை வைக்கறோம்? இப்போ அதெல்லாம் என்னாறது?"

ஒரு தேதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இருபத்தேழு வருஷத்துக்கு முன் இறந்த ஓர் அம்மாவின் நெற்றியை நான் துடைத்துவிட்டேன். கிச்சா மாமா திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அம்மா குங்குமம் வெச்சுண்டது அப்பா உசிரோட இருக்கார்னு இல்ல ஜானு. ஓடிப்போகலைன்னு. தெருவுக்கு அதச் சொல்லிண்டே இருந்தா. அது வாஸ்தவம்தானே, இப்போ தெரிஞ்சுடுத்தே."

மாமி உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார். லாக் புத்தகத்தைக் காட்டினேன். அப்பா அம்மாவுக்கு எழுதிய தமிழ்க் கடுதாசி நாலு உண்டு, வேலையில் போட்ட கையெழுத்தைப் பார்த்ததே இல்லை என்று கிச்சா மாமா ஒவ்வொரு பக்கமாகத் தடவினார். நாலு நாள் வைத்துக்கொண்டு தரட்டுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு கணக்கு வாத்தியாரிடம் தேதிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுப் படியேறும்போதுதான் அது உறைத்தது.

8

அந்த நாலு நாளில் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் கிச்சா மாமா ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை. காரியங்கள் நடக்கின்றன, நான் வடை பாயசத்தோடு சாப்பிட்டு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

இரண்டாவதில் அவர் கண்டுபிடித்து, தி. நகர் கடைக்கு வந்து, பண்டிகைக் கூட்டத்தின் நடுவே நின்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்கிறார். அண்ணன் அவர் காலில் விழுகிறார். [அண்ணனுக்கு முழங்கால் மடங்காது. தவிர, கூட்டத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது, ஒலிபெருக்கியில் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.]

மூன்றாவதில் அவர் எல்லாவற்றையும் மன்னிக்கிறார். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. மன்னிப்பு எங்கள் குடும்பத்துக்குச் சௌகரியம். சௌகரியமான முடிவை எழுதுகிறவன் யாருடைய ஆள் என்று வாசகருக்குத் தெரியும்.

நாலாம் நாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு வரச் சொன்னார். புத்தகம் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு தாள். இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழு என்று பென்சிலில் நேராக இறங்கியிருந்தது. ஜானு மாமி இந்தத் தடவை காபி கொண்டுவரவில்லை.

"உங்க தாத்தா கன்னி ராசிதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். இந்தக் கதையில் நான் முழுதாகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். பிறகு மீதியையும் சொன்னேன்: நீ போயிட்டு வாயேன் என்று சொன்னது, மறுநாள் யாரும் போகவில்லை என்று சொன்னது, அரக்குச் சேலை. சேலையைச் சொல்லும்போது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு ஒரு மிட்டாய் குடுத்தார்" என்றார்.

வெகுநேரம் குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். யார் சார்பில், எந்தத் தகுதியில் என்று புரியவில்லை. கேட்காமலேயே இருந்துவிட்டேன், இன்றுவரை அது உறுத்துகிறது.

கடைசியில் அவர் ஒரு துண்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். அப்பாவுக்கு முதலில் செய்ய வேண்டிய காரியங்களை, புரோகிதம் பண்ணும் வாத்தியார் ஒரு வாரத்தில் முடித்துவைக்கிறாராம். அடுத்து வருவது மகாளய அமாவாசை. அன்றைக்குத் தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, அம்மா என்று எல்லோருக்கும் விட்ட பிறகு, சிநேகிதர்களுக்கும் பேர் சொல்லி விட ஓர் இடம் உண்டு.

"உங்க தாத்தா பேரையும் கோத்ரத்தையும் எழுதிக் குடுங்கோ. நான் விடுவேன்னு சொல்லலே. எண்பது வருஷக் கோபம், இன்னிக்கு வான்னா எறங்கிடாது. ஆனா எங்கப்பா கடைசியா நம்பின மனுஷன் அவர்தான். பேர் கையில இருந்தாத்தான் வேண்டாம்னாவது சொல்ல முடியும்."

எங்களுக்குக் கோத்திரம் தெரியாது என்றேன். தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்றார். எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷம் எழுதியதில் ஓர் எழுத்தையும் அடிக்காமல் எழுதியது அந்த ஒரு வரிதான்.

9

மகாளய அமாவாசை, காலை. மலர் அச்சகத்துக்குப் போய்விட்டது. அதில் என் பெயரில் பதினாறு பக்கம் இருக்கிறது, பஞ்சாபகேசன் என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை. கடைசி நேரத்தில் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினேன், ஷண்முகப்ரியா அந்த இடத்தில் வேட்டி விளம்பரம் போட்டுவிட்டாள். மார்கரெட்டுக்கு ஏழாவது பெயரை எழுதிவிட்டேன். சுவரில் சேர்க்கச் சொல்லி மனுப் போடுகிறாளாம். அவள் போட்டால் போட்டதுதான்.

நான் கிச்சா மாமா வீட்டுக் கூடத்தின் ஓரத்தில் நின்றேன். அவர் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் தாம்பாளம், தர்ப்பை, கறுப்பு எள், பஞ்சபாத்திரம். வாத்தியாருக்கு அன்று இருபது வீடு, வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பஞ்சாபகேச சர்மாணம் என்று வந்தபோது மட்டும் கிச்சா மாமா அவரை நிறுத்தச் சொன்னார். தானே ஒரு தடவை நிதானமாகச் சொன்னார். தர்ப்பணத்தில் முதல் தடவை. ஜானு மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு தாத்தாக்கள், அம்மா, பாட்டிகள், மாமாக்கள். பிறகு வாத்தியார் தலை நிமிராமல், சிநேகிதாள் யாராவது உண்டா என்று கேட்டார்.

தாள் மடியில் விரித்து இருந்தது. கிச்சா மாமா எள்ளை எடுத்தார், உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். கையைத் தாம்பாளத்தின்மேல் நீட்டினார். உதடு அசையவில்லை. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அங்கேதான் நின்றேன். ஆனால் நான் சிதம்பரநாதனின் பேரன். கிச்சா மாமா தண்ணீரை விட்டார் என்று நான் எழுதினால் அது எங்கள் கடை விளம்பரம். விடவில்லை என்று எழுதினால் அதுவும் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத்தான். எங்கள் வீட்டார் ஒருவர் அவர் அப்பாவுக்காக ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்தாயிற்று, இதையும் எடுக்க எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் எங்களுக்கு உறவில்லை, அதனால் கிச்சா மாமாவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் தகப்பனாரின் பெயரை எண்பது வயதில் முதல் தடவை தர்ப்பணத்தில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். கை நீட்டியபடி இருக்கிறது. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்துவிட்டது, அதிக நேரம் இல்லை. மடியிலிருக்கும் பெயரைச் சொல்வதானால் இப்போதே சொல்லிவிடுங்கள்.